அரை வீசை வெங்காயம்

முதலில் வாங்கியது கயிறு.
பசுண்டாங்கில் இந்தத் தெருவில்
எல்லாப் பால்கனியிலிருந்தும் ஒன்று தொங்குகிறது,
நுனியில் ஒரு கிளிப், ஒரு குட்டி மணி.
எனக்கு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
இருபத்தைந்து முழம் போதும் என்றார் கடைக்காரர்.
போதவில்லை.
முதல் மாடிக்காரர் துணிக்கொடி வரைதான் எட்டியது.
பழைய சேலைக்கரையைக் கிழித்து
முடிச்சுப் போட்டு நீட்டினேன்.

அதில் ஏறி வந்தவை:
அரை வீசை வெங்காயம்
(யார் கப்பலில் கொண்டுவந்த சொல்லோ,
எங்கள் வீட்டில் கிலோ என்கிறோம்,
இந்த ஊர்த் தராசு மட்டும் மறக்கவில்லை),
ஒரு பை கரி,
இஞ்சி,
மூன்று எலுமிச்சை. ஒன்று நழுவி
எந்த மாடியில் விழுந்ததென்று தெரியாது.

அடுப்பு அப்படி வராது.
மண்ணடுப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
படியேறினேன்.
மூன்றாம் மாடியில் டாவ் சான்யீ கதவைத் திறந்து
பிள்ளைக்கு எத்தனை மாதம் என்றாள்.
பெயர் கேட்டாள்.
வாடகைப் பத்திரத்தில் மா சோ சோ.
தனபாக்கியம் என்றும் சொன்னேன்,
மூச்சு வாங்கிக்கொண்டே.

தட்டு அரை டஜனாகத்தான் என்றார்
தெய்ஞ்ஜி சந்தை சுலைமான் பாய்.
ஒரு ஆள்தான் என்றேன்.
இன்றைக்கு ஒரு ஆள் என்றார்.
நாற்பத்து மூன்று வயது என்றேன்.
அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
தட்டு வாங்காமலே வந்துவிட்டேன்.

அண்ணன் வீட்டில் பத்தொன்பது வருடம் சமைத்தேன்.
உப்பு ஜாடி இடதுகைப் பக்கம்,
கடுகு மேல்தட்டில், பின்வரிசை.
எல்லாம் அண்ணி வைத்த இடம்.
கரண்ட் போனாலும் கை தானாகப் போகும்.

இங்கே உப்பை எங்கே வைப்பது?
சன்னலோரம் வைத்தேன், சாரல் அடிக்கும்.
அடுப்பருகே வைத்தேன், குனியவேண்டும்.
கையிலேயே வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் நின்றேன்.

அந்த வீட்டு வாசலைத் தாண்டாத ஙப்பி
கால் வீசை வாங்கியிருந்தேன்.
மூடியைத் திறந்தேன். நாற்றம் குப்பென்று அடித்தது.
மூடினேன்.
யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று
மறுபடி திறந்தேன்.

புதுவீட்டில் பால் பொங்கவேண்டும்.
கரியை விசிறி விசிறி
கண்ணில் நீர் வழியக் காத்திருந்தேன்.
நன்றாகவே பொங்கியது.
பொங்கிய வேகத்தில் அடுப்பை அணைத்துவிட்டது.
மறுபடி மூட்டத் தீப்பெட்டியைத் தட்டினால்
குச்சி இல்லை.
கயிற்றை இறக்கி மணியை ஆட்டினேன்.
கீழே கடை சாத்தியாகிவிட்டது.

பழைய விலைக்கு வாங்கிய ரைஸ் குக்கரில்
ஆறு மணிக்கே அரிசி கழுவி வைத்திருந்தேன்.
பிளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தி,
வராத கரண்டுக்காக
எவ்வளவு நேரம்தான் அதன் முகத்தையே பார்ப்பது?
ஆடை படிந்த பாலைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

இரவு ஒன்றேகால்.
'மீ லாபீ' என்று தெருவே கத்தியது.
தலைக்குமேல் மின்விசிறி முனகிச் சுற்றத் தொடங்க
திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனேன்.

பிறகு வாசனை.
பௌசான் அரிசி வேகும் வாசனை.
என் வீட்டில் யாரோ சமைக்கிறார்கள்.
அரைத்தூக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன்,
எழுந்துபோய் உதவவேண்டுமே என்று
பாயைச் சுருட்டவும் தொடங்கிவிட்டேன்.

டக்கென்று பொத்தான் மேலே வந்தது.

ஊறி ஊறிக் குழைந்த சோறு.
குக்கர் மூடியைக் கவிழ்த்து அதில் போட்டு,
ஒரு விரல் ஙப்பி,
பச்சை வெங்காயம்,
எலுமிச்சை ஒரு பாதி.
உப்பைக் கிள்ளிப் போட்டேன்.
கொஞ்சம் அதிகம்.
எனக்கு அதிகமாகத்தான் பிடிக்கும்போல,
இன்னொரு சிட்டிகை போட்டேன்.

காலையில் கயிற்றில் சீட்டு இறக்கினேன்:
தீப்பெட்டி ஒன்று.
பாதிவழியில் நிறுத்தி, மேலே இழுத்து,
இரண்டு என்று திருத்தினேன்.
இந்த ஊர் மழைக்கு
ஒன்று எப்படியும் நமத்துப்போகும்.